எந்தக் காத்துவே இது?

தூத்துக்குடியில் ஓவியக் கண்காட்சி வைக்கப்போகிறவரைத் தெருவிலேயே அடையாளம் கண்டுகொள்ளலாம். கையில் அழைப்பிதழ்க் கட்டு. சைக்கிள் கேரியரில் சட்டம் போட்ட ஒரு கடல். மக்ரூன் வாங்கப் போன இடத்திலும் கல்லாவில் ஒரு அழைப்பிதழை வைத்துவிட்டுத்தான் மீதிச் சில்லறையை வாங்குவார். ஆள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டராக இருப்பார். இல்லையென்றால், பகலெல்லாம் ஏதாவது ஷிப்பிங் ஆபீசில் கணக்கு எழுதிவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு மேல் ஓவியர் ஆகிறவர். ஜிப்பா மட்டும் இரு சாராருக்கும் பொது. கண்காட்சி நடக்கும் மூன்று நாள்தான் அது பெட்டியை விட்டு வெளியே வரும்.

கூடம் சின்னது. மற்ற நாட்களில் அங்கே தையல் வகுப்போ கண் சிகிச்சை முகாமோ நடக்கும். அதனால் இரண்டு ஓவியங்களுக்கு நடுவே, கழற்ற மறந்த கண் பரிசோதனை அட்டை ஒன்று தொங்கும். வருகிறவர்களில் சிலர் அதன் முன்னால்தான் அதிக நேரம் நிற்பார்கள்.

எந்தக் கண்காட்சியானாலும் முத்துக்குளிப்புப் படம் இல்லாமல் இராது. இந்தக் கடலில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நம் ஓவியர் பார்த்திருந்தால், யாராவது இடுப்பில் தூக்கிவைத்துக் காட்டியிருந்தால்தான் உண்டு. படத்தில் குளியாள் கடலுக்கு அடியில் நிதானமாக நின்று சிப்பியைத் திறக்கிறார். உள்ளே எலுமிச்சம்பழம் போல ஒரு முத்து. நிஜத்தில், கல்லோடு இறங்கியவருக்குக் கிடைத்தது ஒரு நிமிஷம் சொச்சம். அதற்குள் கைக்கு வந்த சிப்பியையெல்லாம் வலைப்பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை அசைக்க வேண்டும். மேலே கயிறு பிடிப்பவர் மச்சான்தான், கூடப்பிறந்தவள் தாலிக்குப் பயந்து ஒழுங்காக இழுப்பார் என்பது இந்தக் கரையில் பழைய பேச்சு. சிப்பி கரைக்கு வந்து, ஏலம் போய், நாள் கணக்கில் அழுகி, ஊரே மூக்கைப் பொத்திய பிறகுதான் கழுவி முத்துத் தேடுவார்கள். பெரும்பாலான சிப்பிகளில் ஒன்றும் இராது. நாற்றத்தை எப்படி வரைவது என்று ஓவியர் கேட்பார். நியாயம்தான்.

சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுவதற்கென்று அந்தக் காலத்தில் ‘கடல்கட்டி’ என்று ஒருவரைக் கூலி கொடுத்து வைத்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கும் அப்படி ஒருவர் அவசியம். சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துவிட்டால் வேறு வழியில்லை.

அந்தப் பேச்சில் கோவில்பட்டி கொண்டையராஜு கட்டாயம் வருவார், வரவேண்டியவர்தான். சென்னையில் ஓவியம் படித்து, திருவண்ணாமலையில் ரமணர் பக்கம் சில காலம் இருந்து, நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், கோவில்பட்டியிலேயே தங்கிவிட்டார். அவரும் சீடர்களும் எழுதிய முருகனும் லட்சுமியும் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகப் போய் மளிகைக் கடையிலும் சலூனிலும் பூஜை அறையிலும் ஏறின. 1976இல் அவர் காலமானார். சாமிகள் இன்னும் ஆணியை விட்டு இறங்கவில்லை. கூடத்துக்கு வாடகை கட்டாமல் நாடு முழுக்கக் கண்காட்சி வைத்த மனிதர். அவர் நம்ம மாவட்டத்துக்காரர் என்பதில் ஓவியருக்குப் பெருமை, கொஞ்சம் வயிற்றெரிச்சலும். அவர் படத்தைக் கண்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். இவர் படத்தைக் கண்டவர்கள், “பிரேம் எங்க போட்டீங்க?” என்கிறார்கள்.

விமர்சகர் பயம் இவருக்குக் கிடையாது. சென்னையிலிருந்து ஒருவர் வந்து, வெளி, மௌனம் என்று ஏதாவது சொன்னால் தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். நடுக்கமெல்லாம், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரும் பழைய தோணிக்காரரிடம்தான். கொழும்புக்குப் பாய் விரித்து ஓடியவர் அவர். தோணிப் படத்தின் முன்னால் நின்றுவிடுவார்.

“எந்தக் காத்துவே இது?”

“கொண்டல், அண்ணாச்சி.”

“பாய் இந்தப் பக்கம் உப்பியிருக்கு, கொடி அந்தப் பக்கம் பறக்கு. ரெண்டு கொண்டலா அடிக்கி?”

“அது ஒரு கற்பனை.”

“கற்பனையில போனா கரை சேர முடியாதுவே. பருமலையும் காணும். பாயை எதுல கட்டினீரு?”

இந்த ஊரில் கடல் வரைவதன் கஷ்டம் இது. பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் படத்தில் உள்ள சாமானைக் கையாண்ட பழக்கம். உப்பளத்தை நிலா வெளிச்சத்தில் நீலமாகத் தீட்டி வைத்திருந்தால், அளத்தில் வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “வெயிலை எங்கண்ணே?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். கல்லூரிப் பையன் ஒருவன் கிழிந்த வலையை மூலையில் தொங்கவிட்டு ‘இழப்பு’ என்று தலைப்பு வைத்தான். மழைக்கு ஒதுங்கிய மீனவர் ஒருவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. மழை விடுவதற்குள் இழப்பை முழுக்க முடிந்துவிட்டுப் போய்விட்டார். பையன் அழாத குறை.

விற்பனை மேஜையில் சிப்பிச் சாவிக்கொத்தும் பெயர் எழுதிய சங்கும் இருக்கும். யாராவது அதைப் பார்த்துச் சிரித்தால், ஓவியர் சோழமண்டலத்தை இழுப்பார். 1966இல் பணிக்கரும் சக ஓவியர்களும் அந்தக் கலைக்கிராமத்தை உண்டாக்கியதே பாத்திக் துணி விற்ற காசை வைத்துத்தானே! சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் துணியில் ‘தூத்துக்குடி நினைவாக’ என்று எழுதவில்லை.

படத்தின் கீழே, விற்றதற்கு அடையாளமான சிவப்புப் பொட்டு விழுவது அபூர்வம். பொட்டு அட்டை போன கண்காட்சிக்கு வாங்கியதாக இருக்கும். மூன்றாம் நாள் சாயங்காலம், ஜன்னலைச் சாத்துகிற நேரத்தில், அதே தோணிக்காரர் பேரனைக் கூட்டிக்கொண்டு வருவார்.

“பாயைத் திருத்தி, எங்க தோணிப் பேரையும் எழுதித் தந்தா எடுத்துக்கிடுதோம்.”

ஓவியர் நிமிர்வார். கையெழுத்துப் போட்ட படத்தில் மறுபடி தூரிகை படாது, அது தோணியே அல்ல, ஒரு மனநிலை, கலைஞனிடம் இப்படிக் கேட்கவே கூடாது என்று நீளமாகச் சொல்லி முடிப்பார். தோணிக்காரர் மறுத்து ஒன்றும் பேசமாட்டார். மடியை அவிழ்த்து நோட்டை எண்ண ஆரம்பிப்பார்.

“பேரு அணியத்துலயா வரும், அமரத்துலயா?” என்பார் ஓவியர்.