கரண்ட் போனால் நிற்கும் கைத்தறி

ஆரணியைச் சுற்றி எந்த நெசவுத் தெருவில் நுழைந்தாலும் முதலில் காதில் விழுவது தறிச்சத்தம். அதையும் மீறி ஒரு வீட்டிலிருந்து பாட்டு வரும். அதுதான் நம் ஆள் வீடு. ரேஷன் கார்டில் பெயர் எதுவோ, தெருவுக்கு அவர் ‘ரேடியோ அண்ணன்’.

தறிக்குழியில் காலை இறக்கியதும் மற்றவர்கள் அறுந்த இழையைத் தேடுவார்கள். அண்ணன் போனைத் தேடுவார். ஸ்பீக்கருக்கு நிரந்தர இடம் உண்டு. தறிக்காலில் ஆணி அடித்து, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார். பையில் மணமக்கள் பெயர் பாதி அழிந்துவிட்டது.

“இன்னாண்ணா, தறி அடிக்கிற சத்தத்துல பாட்டு எங்க கேக்குது?”

“கேக்கணும்னு யார்ப்பா சொன்னது? ஓடிக்கினு இருக்கணும், அவ்ளோதான்.”

நியாயம்தான். ஒரு சேலைக்கு ஐந்தரை மீட்டர். அத்தனையும் ஏற, நாடா பல்லாயிரம் தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓட வேண்டும். புவிசார் குறியீடு வாங்கிய பட்டு என்று நாம் பெருமைப்படுகிறோம். உடல் பகுதி நெய்கிறவருக்குக் கொட்டாவிதான் வருகிறது.

அதனால் சேலையில் இடத்துக்கு இடம் பாட்டு மாறும். வெறும் உடலுக்கு இளையராஜா. புட்டா வந்தால் சத்தம் பாதியாகும். முந்தானை தொடங்கினால் பாட்டே கிடையாது. வீட்டில் ஒருவரும் தும்மக்கூடாது. குத்துப்பாட்டு தறிக்கு ஆகாது என்பது அவர் கண்ட சித்தாந்தம். கை வேகமெடுக்கும், இழை அறும், முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் பாட்டு முடிந்திருக்கும். சோகப் பாட்டுக்கு நெய்த சேலை சீக்கிரம் விலைபோகாது என்றும் சொல்வார். இது சுத்தப் புருடா.

ஆனால் குத்துப்பாட்டு விஷயத்தில் அவருக்குப் பெரிய இடத்துத் துணை இருக்கிறது. 1940-இல், போர்க்காலத் தொழிற்சாலைகளுக்காக பி.பி.சி. ‘மியூசிக் வைல் யூ ஒர்க்’ என்று தினமும் பாட்டு ஒலிபரப்ப ஆரம்பித்தது. நடுவே கைதட்டல் வரும் ஓர் அமெரிக்கப் பாட்டை அதில் சேர்க்கவே இல்லை. தொழிலாளர்கள் கருவியைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டக் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம். லண்டனில் அதிகாரிகள் கூடி எடுத்த முடிவுக்கு அண்ணன் குழியில் உட்கார்ந்தபடியே வந்துவிட்டார்.

மூலையில் தார் சுற்றும் அண்ணிக்கு இந்த ஆராய்ச்சியில் மரியாதை இல்லை. “பாட்டு நெய்யுதா, நீ நெய்யிறியா?” என்பார். அண்ணன் பதில் சொல்லாமல் சத்தத்தை ஒரு படி ஏற்றுவார். குடும்பச் சண்டை அதோடு முடிந்துவிடும்.

அண்ணனின் அப்பா காலத்தில் இலங்கை வானொலி. டிரான்சிஸ்டர் பேட்டரி சோர்ந்தால் ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்கள். மகனுக்கு அந்த வசதி இல்லை. கைத்தறிக்கு மின்சாரமே வேண்டாம். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் கரண்ட் போனால், மதியத்துக்குள் ஸ்பீக்கர் சார்ஜ் தீரும், தறியும் நிற்கும். அண்ணன் திண்ணைக்கு வந்து மின்வாரியத்தைத் திட்டுவார். பக்கத்து விசைத்தறிக்காரர் ஆமாம் போடுவார்.

பாவு கொடுத்த முதலாளி போனில் கேட்கிறார்: “சேலை எப்பப்பா முடியும்?”

“இன்னும் ரெண்டு படப் பாட்டு பாக்கி இருக்குதுங்க.”

முதலாளிமாருக்கு ஒரு வேண்டுகோள். கோபப்படாதீர்கள். கூலி சேலைக் கணக்கில்தான். தாமதமானால் நஷ்டம் அவருக்கும் உண்டு. மாதாமாதம் ரீசார்ஜ் செலவும் அவருடையதே.