ஞாயிறென்றால் ஏறணும்!

ஹட்டன்,
மார்ச் மாதம், திங்கட்கிழமை இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முழங்காலைத் தவிர.

தேயிலை மெஷின் மாட்டப் போனவன் சனி ஞாயிறு என்ன பண்ணுகிறான், அறையில் படுத்துத் தூங்குகிறானா என்று மாமா கேட்டாராமே. தூங்க விட்டால்தானே! கோயம்புத்தூரில் ஞாயிறு என்றால் பத்து மணிக்கு எழுந்து, கறி எடுத்துவந்து, தின்றுவிட்டு மறுபடி சாய்வது. இந்த ஊரில் லீவு வந்தால் எதன் மேலாவது ஏறியாக வேண்டும். அதுவும் ராத்திரியில். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கூட வேலை பார்க்கும் பையன்கள் ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "அண்ணே, கெளம்புங்க" என்பார்கள். எங்கே என்று கேட்கக் கூடாது. கேட்டால் ஆகாயத்தைக் காட்டுவார்கள்.

முதலில் சிவனொளிபாத மலைக்குத்தான் கூட்டிப் போனார்கள். உயரம் 2,243 மீட்டர். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி போய், அங்கிருந்து ஏற்றம். படிகள் ஐயாயிரத்துக்கு மேல். உச்சியில் இருக்கும் பாதம் பௌத்தர்களுக்குப் புத்தருடையது, நமக்குச் சிவனுடையது, முஸ்லிம்களுக்கு ஆதம் நபியுடையது. ஒரே பாதத்துக்கு இத்தனை பேர் உரிமை கொண்டாடியும் வழியில் ஒருவரும் சண்டை போடக் காணோம். சண்டை போட மூச்சு மிச்சம் இருந்தால்தானே!

வெள்ளியங்கிரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பூண்டி அடிவாரத்திலேயே கும்பிட்டு, புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றுவிட்டுத் திரும்பிய குடும்பம் நம்முடையது. அந்தப் பயிற்சி இங்கே செல்லுபடியாகவில்லை. பாதி மலையில் ஒரு கடையில் உட்கார்ந்துவிட்டேன். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ கொடுத்தார்கள். சீனியை அதில் கலக்காமல் உள்ளங்கையில் கொட்டினார்கள். ஒரு நக்கு, ஒரு மிடறு. அந்தக் குளிரில் அது அமிர்தம்.

அப்போது ஒரு பாட்டி வந்து பக்கத்தில் நின்றார். தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். எழுபதுக்குக் குறையாது. காதை மூடிய கம்பளித் தொப்பி, காலில் செருப்பில்லை, மூச்சு வாங்கவும் இல்லை.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"கோயம்புத்தூருங்க."

"எங்க அப்பாயி தொறையூருப் பக்கம். அங்கெல்லாம் மலை இல்லியாக்கும்?"

துறையூரை ஒட்டியே பச்சைமலை நிற்கிறது. சொல்ல மூச்சு வரவில்லை. பாட்டி அதற்குள் இரண்டு வளைவு தாண்டிவிட்டார்.

மேலே ஒரு மணி தொங்குகிறது. வாழ்நாளில் எத்தனை தடவை மலை ஏறினாயோ அத்தனை தடவை அடிக்கலாம். பாட்டி அடித்தார், அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். எண்ணத் தொடங்கியவர்கள் பாதியில் விட்டுவிட்டோம். அடுத்து நான். டங். அவ்வளவுதான். வரிசையில் பின்னால் நின்றவர் மட்டும் சந்தோஷப்பட்டார். சூரியன் கிளம்பியதும் மலையின் நிழல் மேற்கே மூட்டத்தின் மேல் முக்கோணமாக விழுந்தது. அதைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரவில்லை, அக்கா.

ஹோர்ட்டன் சமவெளிக் கதை வேறு. அங்கே 'உலக முடிவு' என்று ஒரு செங்குத்துப் பள்ளம். வாசலிலேயே பையைச் சோதித்து, பிஸ்கட்டின் பிளாஸ்டிக் உறையை உரித்து வாங்கிக்கொள்கிறார்கள். நம் மலைகளிலும் இப்படி ஒருவர் உட்கார்ந்தால் நன்றாக இருக்கும். சுற்றி வரச் சுமார் 9 கிலோமீட்டர் நடை. காலை ஒன்பதுக்குள் விளிம்புக்குப் போய்விட வேண்டும், பிறகு மூட்டம் ஏறிவிடும். அன்றைக்கு எங்களை முந்திக்கொண்டு அது வந்துவிட்டது. கொழும்புக் குடும்பம் ஒன்று வெள்ளை வெளேரென்ற மூட்டத்துக்கு முன்னால் நின்று விதவிதமாகப் படம் பிடித்துக்கொண்டது. உலகம் எங்கே முடிகிறது என்று பிள்ளைகள் கேட்டால், ஒன்றும் தெரியாத இடத்தில் என்று சொல்.

அம்மாவிடம் சொல்ல ஒரு செய்தி: அசோகவனம் பார்த்தாயிற்று. நுவரெலியா தாண்டி சீத்தாஎலியவில் சீதையம்மன் கோயில். பக்கத்தில் ஓடை, பாறையில் அனுமார் கால்தடம் என்று குழிகள். ஓடையில் ஒரே ஒரு கால் வைத்தேன். சீதை அழுதது ராமனை நினைத்து மட்டும்தான் என்று இனி எந்த உபன்யாசகர் சொன்னாலும் நம்பப் போவதில்லை.

நுவரெலியாவுக்கு ரயில் கிடையாது. நானுஓயாவில் இறங்கி ஓட்டோ பிடிக்க வேண்டும். கோச்சியில் (ரயிலுக்கு இங்கே அதுதான் பெயர்) வெள்ளைக்காரப் பிள்ளைகள் கதவைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வருகிறார்கள். நாம் இடமில்லாமல் தொங்குவோம், இவர்கள் சீட்டைக் காலியாக விட்டுவிட்டுத் தொங்குகிறார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் அதைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை, தலவாக்கலைப் பக்கம், சரிவில் பெண்கள் கூடையோடு நிற்கிறார்கள். "லீவு நாள்தானேடா?" என்றேன். "கைக்காசுண்ணே" என்றான் கூட வந்த ஸ்டோர் பையன். லீவில் பறித்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு. ரயிலில் வந்த அத்தனை செல்போனும் அவர்களைப் படம் எடுத்தது. பையன் எடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவன் அம்மாவும் நிற்கக்கூடும். வாரம் முழுக்க ஏறி இறங்கும் சரிவில் ஞாயிறும் நிற்கிறவர்களுக்குப் படிக்கட்டு ஒரு பொருட்டா? பாட்டிக்கு மூச்சு வாங்காததில் அதிசயமே இல்லை.

சரி, நீங்கள் வரும் விஷயம். சித்திரைப் பிறப்பு வாரம் மட்டும் வேண்டாம். குதிரைப் பந்தயம், பூக்காட்சி என்று கொழும்பு மொத்தமும் நுவரெலியாவில் இறங்கிவிடும், அறை கிடைக்காது. வெசாக் பண்டிகை கழிந்தால் சிவனொளிபாத மலை சீசன் முடிந்து மழை பிடித்துக்கொள்ளும். இடைப்பட்ட நாளில் வாருங்கள். பட்டுச்சேலை வேண்டாம், ஸ்வெட்டர் ஆளுக்கு இரண்டு, முழங்கால் தைலம் பெரிய பாட்டிலாக. மாமாவை இன்றைக்கே மாடிப்படி ஏறிப் பழகச் சொல், லிஃப்ட் பக்கம் போக விடாதே.

அன்புடன்,
உன் தம்பி