மரத்தடி சிண்டிகேட்

அண்ணா பல்கலைக்கழகத்துக்குச் சிண்டிகேட் என்றொரு ஆட்சிக்குழு உண்டு. அஜெண்டா போடுவார்கள், கூடுவார்கள், மினிட்ஸ் எழுதுவார்கள். கிண்டி வளாகத்தில் இன்னொரு சிண்டிகேட்டும் நடக்கிறது. அதற்கு உறுப்பினர் ஒரே ஒருவர். கேண்டீன் பக்கத்து மரத்தடியில், யாருடையதோ ஒரு பைக்கின் சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார். கோரம் இல்லையென்று இந்தக் கூட்டம் ஒத்திப்போனதே கிடையாது. எல்லாத் தீர்மானமும் ஏகமனதாக நிறைவேறும். ஒன்றுகூட அமலுக்கு வராது. 2024 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்தபின் அந்த நாற்காலி மாதக்கணக்கில் காலியாகக் கிடந்தது. மரத்தடி பைக் சீட் ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை.

இவர்தான் அண்ணன். நாலாம் வருஷம். துறை எதுவாகவும் இருக்கலாம். மெக்கானிக்கலாக இருந்தால் குரல் கொஞ்சம் உரக்க இருக்கும். சிம்போசியம் டி-ஷர்ட் போட்டிருப்பார், அந்த சிம்போசியத்துக்குப் போயிருக்க மாட்டார். ஐடி கார்டு பாக்கெட்டில் இருக்கும். அதைக் கழுத்தில் மாட்டுவது முதலாண்டுக்காரர்களின் வேலை.

ஆகஸ்ட் மாதம் புதிய தம்பி ஒருவன் ஹாஸ்டல் எங்கே என்று தெரியாமல் அந்தப் பக்கம் வந்து சேர்வான்.

"எந்த ஊருடா தம்பி?"

"சங்கரன்கோவில்ண்ணே."

"கட்ஆஃப்?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டுண்ணே."

"ப்ச்."

அவனுக்குக் கிடைக்கும் முதல் கருத்து இந்த 'ப்ச்'. இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கி, ஊரில் பேனர் வைத்து, பள்ளித் தாளாளர் கையால் சால்வை போர்த்தப்பட்டு வந்தவனைப் பார்த்து 'ப்ச்' சொல்ல, தமிழ்நாட்டில் அண்ணன் ஒருவருக்குத்தான் துணிச்சல் உண்டு. "இவ்ளோ மார்க்க வச்சுக்கிட்டு இங்க எதுக்குடா வந்த? எதிர்த்தாப்ல ஐஐடிக்குப் போயிருக்கலாம்ல" என்பார். பிளஸ் டூ கட்ஆஃபுக்கும் ஐஐடி சேர்க்கைக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. கருத்துச் சொல்லும்போது தகவல் குறுக்கே வரக்கூடாது, அவ்வளவுதான்.

சர்தார் படேல் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஐஐடி, அண்ணனின் வெளியுறவுத் துறை. "அங்க என்ன இருக்கு? மான் இருக்கு. பி.டெக் படிக்கப் போறானா, மான் பாக்கப் போறானா?" என்று ஒரு நாள் சொல்வார். மறுநாளே, "மானுக்குக்கூட அங்க மரியாதை இருக்குடா, நமக்கு இங்க இருக்கா?" என்பார். இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்வார் என்பதுதான் விசேஷம்.

ராகிங்குக்குத் தடைபோட்டு 1997-இல் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது. நல்ல சட்டம். அதன் பிறகு சீனியர்கள் ஜூனியர்களை ஆடச் சொல்ல முடியாது, பாடச் சொல்ல முடியாது. உட்கார வைத்துக் கருத்துச் சொல்வதைத் தடுக்க மட்டும் அதில் பிரிவு எதுவும் இல்லை.

அண்ணன் கருத்துச் சொல்லாத விஷயம் கிடையாது. ஹாஸ்டல் மெஸ்ஸில் மாதச் செலவைச் சாப்பிட்டவர்கள் தலையில் பங்கிடும் டிவைடிங் சிஸ்டம் பற்றி, "பேருதான் டிவைடிங், பில்லப் பாத்தா மல்டிப்ளை பண்ணிருக்கான்" என்பது வருஷா வருஷம் கைமாறி வரும் வசனம். அண்ணனுக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் இப்போது சான் ஹோசேயில் இருக்கிறார். பாடப் புத்தகம் பற்றிக் கேட்டால், "ஃபாரின் ஆத்தர் கிளாஸ்ல கையில வச்சிருக்கறதுக்கு, லோக்கல் ஆத்தர் எக்ஸாமுக்கு, ஜெராக்ஸ் முந்தின நாள் ராத்திரிக்கு" என்று மூன்று வேதங்களையும் ஒரே மூச்சில் வகுத்துவிடுவார். கோட்டூர்புரத்தில், வளாகத்துக்குப் பக்கத்திலேயே 2010-இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம் ஒன்பது தளங்களோடு நிற்கிறது. அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுவார். எந்தத் தளத்தில் ஏசி நன்றாக வேலை செய்யும், எந்த மூலையில் தூங்கினால் யாரும் எழுப்ப மாட்டார்கள் என்பதெல்லாம் வரும். எந்தத் தளத்தில் என்ன புத்தகம் என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது.

நிர்வாகச் சீர்திருத்தத்தில் அவருக்குப் பிடித்த பாடம், பல்கலைக்கழகத்தைப் பிரித்துச் சேர்த்த கதை. 2007-இல் தொடங்கி கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று பிரித்தார்கள். 2012-இல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். 2020-இல் இரண்டாகப் பிரிக்கச் சட்டமன்றத்தில் மசோதாவே நிறைவேறியது. அது நடைமுறைக்கு வரவில்லை. "குடும்பத்துல பாகப்பிரிவினைகூட இவ்ளோ தடவ நடக்காதுடா" என்று தலையை ஆட்டுவார். இந்த ஒரு விஷயத்தில் அண்ணன் சொல்வதை மறுக்க எனக்கும் வழி தெரியவில்லை.

பொற்காலம் என்று ஒன்று எல்லாருக்கும் இருக்குமே, அண்ணனின் பொற்காலம் 2020 ஆகஸ்ட். கொரோனா சமயத்தில், அரியர் தேர்வுக்குப் பணம் கட்டியிருந்தவர்களுக்கெல்லாம் பாஸ் என்று தமிழக அரசு அறிவித்தது. ஊர் ஊராக மாணவர்கள் முதலமைச்சருக்கு நன்றி சொல்லிப் பேனர் வைத்தார்கள். அப்புறம் ஏஐசிடிஇ ஆட்சேபித்தது, விவகாரம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது, கடைசியில் பரீட்சை எழுதித்தான் ஆக வேண்டும் என்று முடிந்தது. அண்ணன் முதல் பாதியைத்தான் சொல்வார். சொல்லும்போது, தானே இருபது அரியரோடு நின்று கைதூக்கி விடப்பட்டவர் போலக் கண்கள் பளபளக்கும். விசாரித்தால், இன்றைய அண்ணன் அப்போது பத்தாம் வகுப்பு. அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வும் ரத்தாகி எல்லாரும் பாஸ் என்பது வேறு விஷயம். அதை அவர் தம்பிகளிடம் சொல்வதில்லை.

பிளேஸ்மெண்ட் காலம் வந்தால் அண்ணனைக் கவனிக்க வேண்டும். ஜூலையில், "எல்லாம் லக்குடா. பேனலுக்கு மூஞ்சி பிடிச்சா எடுப்பான்" என்பார். ஆகஸ்டில், "பெரிய கம்பெனியில போய் அடிமையா இருக்கறதுக்கு ஊர்ல மாடு மேய்க்கலாம்." செப்டம்பரில் ஒரு நாள் சாயங்காலம் ஆளைக் காணவில்லை. மறுநாள் காலை அதே பைக் சீட்டில் அதே சம்மணம். கையில் மட்டும் ஆஃபர் லெட்டர். "தம்பி, லக்குன்னு சொல்றதெல்லாம் சோம்பேறிங்க பேச்சு. ஸ்கில்லு வேணும். கோடிங் பிராக்டிஸ் பண்ணணும். கம்யூனிகேஷன் முக்கியம்." அன்று மாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை.

சாட்சியோடு பேசுகிறவர் பெண்கள் விடுதி அக்கா. அவருக்கும் கருத்து உண்டு. பெரும்பாலும் கேட் மூடும் நேரத்தைப் பற்றி. ஆனால் அக்கா விதிமுறைப் புத்தகத்தின் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு, நாற்பது பேர் கையெழுத்தோடு மனு எழுதி டீன் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, அத்தாட்சிக்கு முத்திரையும் வாங்கி வந்துவிடுவார். இதெல்லாம் அண்ணனுக்குப் புரியாது. கருத்தை எழுத்தில் கொடுத்தால் அப்புறம் அதையே பேச வேண்டியிருக்குமே?

இதுவரை சொன்னது உள்நாட்டு அண்ணன். வெளியே போனால் இவர் வேறு ஆள்.

திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைப் பெரியப்பா, அப்பளத்தை நொறுக்கியபடி, "இப்பல்லாம் கவர்மெண்ட் காலேஜ்ல ஒண்ணும் சொல்லித் தர்றதில்லையாமே தம்பி. அதான் நம்ம பையனை பிரைவேட்ல போட்டோம்" என்றார். முந்தின நாள் மரத்தடியில் அண்ணன் சொன்னதும் இதேதான், இன்னும் காரமாக. ஆனால் இப்போது பாயசத்தைக் கீழே வைத்துவிட்டார்.

"பெரியப்பா, எங்க காலேஜ் 1794-ல ஆரம்பிச்சது. கோட்டைக்குள்ள நிலம் அளக்கச் சொல்லித் தர்ற பள்ளிக்கூடமா. 1920-ல கிண்டிக்கு வந்தோம்." இந்த 'வந்தோம்' கவனிக்கத் தக்கது. "அமுல் குரியன் எங்க காலேஜ். வெங்கட்ராகவன், ரெண்டு வேர்ல்டு கப்புக்கு கேப்டன், எங்க காலேஜ். எண்பத்து மூணு ஃபைனல்ல யாரு அதிக ரன்? ஸ்ரீகாந்த். எங்க காலேஜ். கிரேஸி மோகன் மெக்கானிக்கல். சும்மாவா?"

"கலாம்கூட அங்கதானோ?" என்றார் பெரியப்பா, கொஞ்சம் இறங்கி வந்து.

"பின்ன!"

கலாம் படித்தது குரோம்பேட்டை எம்ஐடியில், ஐம்பதுகளில். எம்ஐடி அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்தது 1978-இல். நடுவிலுள்ள இருபது வருஷத்தை அண்ணன் ஒரே எட்டில் தாண்டிவிடுவார். கிண்டியில் எம்ஐடிக்காரர்களோடு ஃபுட்பால் மேட்ச் நடக்கும்போது 'குரோம்பேட்டைக்காரன்' என்று கத்துகிறவரும் இவர்தான். ஆனாலும் முழுக்கத் தப்பென்று தள்ள முடியாது. ஜனாதிபதி மாளிகைக்குப் போவதற்கு முன், 2001-02இல், கலாம் கிண்டி வளாகத்தில் பேராசிரியராக இருந்தார்.

கடைசியாக ஓர் அடி: "எங்க வருஷ ஃபீஸு உங்க பையன் காலேஜ் பஸ் ஃபீஸவிடக் கம்மி." பெரியப்பா மோரோடு எழுந்துவிட்டார்.

வெளியூர் அண்ணனுக்கு இன்னொரு பெரிய கவலை உண்டு. தமிழ்நாட்டில் நானூற்றுச் சொச்சம் பொறியியல் கல்லூரிகள் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பட்டத்தில் எல்லாருக்கும் ஒரே பெயர். எனவே யாராவது 'நான் அண்ணா யூனிவர்சிட்டி' என்றால், அண்ணன் வாயிலிருந்து உடனே வரும் கேள்வி: "கேம்பஸா?" ரயிலில், பெண் பார்க்கும் இடத்தில், துக்க வீட்டில்கூட இந்தக் கேள்வி வந்துவிடும். ஆமாம் என்றால் அணைத்துக்கொள்வார். இணைப்புக் கல்லூரி என்றால், "பரவால்ல, அதுவும் நம்ம சிலபஸ்தான்" என்று அருள் பாலிப்பார். எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். பெரம்பலூர் பக்கம் ஒரு பொட்டலில் அதே சிலபஸைப் படித்து, யாரென்றே தெரியாத திருத்துநரிடம் பேப்பரைக் கொடுத்துவிட்டு, மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டிக் காத்திருந்து கரையேறிய பையனுக்கு, மரத்தடியிலேயே நாலு வருஷம் உட்கார்ந்தவர் ஆறுதல் சொல்ல வேண்டியதில்லை.

அண்ணனின் மார்க்கெட்டும் முன்போல் இல்லை. ஒரு காலத்தில் ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்குக்கு மாநிலம் முழுவதிலிருந்தும் குடும்பங்கள் கிண்டிக்கே வரும். தூக்குவாளி, சான்றிதழ் ஃபைல், ஒரு அப்பா, ஒரு அம்மா, எல்லாம் தெரிந்த ஒரு மாமா. அண்ணனுக்கு அது ஐப்பசி மழை. "சார், கம்ப்யூட்டர் சயின்ஸ் வேணாம், அது போயிடுச்சு. இசிஇ எடுங்க" என்று இலவச ஆலோசனை. அவர் 'போயிடுச்சு' என்ற துறைதான் அதன்பின் நாட்டையே கட்டி ஆண்டது. அவரை நம்பி வேறு துறை எடுத்தவர்களும் கடைசியில் அதே சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்ததால் பெரிய நஷ்டம் இல்லை. 2018-இல் கவுன்சலிங் ஆன்லைனுக்குப் போய்விட்டது. இப்போது அந்த ஆலோசனையை யூடியூபில் வேறு யாரோ தருகிறார்கள், அதே தவறுகளோடு, லைக் போடச் சொல்லி.

இவ்வளவு சொன்ன பிறகு, அண்ணன் இல்லாமல் அந்த வளாகம் நடக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. விளக்கம் கேட்கத்தான் ஆளிருக்காது. சங்கரன்கோவில் தம்பிக்கு எஜுகேஷன் லோனுக்காகப் போனஃபைட் சர்டிபிகேட் வேண்டும். எந்தக் கவுண்டர், எந்த ஃபாரம், யார் கையெழுத்து, அவர் சாப்பாட்டுக்கு எத்தனை மணிக்குப் போவார், சாப்பிட்டு வந்த கையோடு போனால் நல்லதா, போகாமலிருந்தால் நல்லதா என்பதையெல்லாம் இந்த மனிதர் சீட்டைவிட்டு இறங்காமலே சொல்வார். அத்தனையும் சரியாக இருக்கும். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் பைக்கின் உரிமையாளரைத் தேடிச் சாவி வாங்கி, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் இவர்தான். போகிற வழியெல்லாம் டாக்டர்களைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டே போவார். அது மருந்துக்கு முன் சாப்பிட வேண்டியது.

ஆகவே, இந்த வருஷம் உங்கள் பிள்ளைக்குக் கிண்டியில் இடம் கிடைத்திருந்தால், வார்டனைப் பார்த்த கையோடு மரத்தடிப் பக்கமும் போய் அண்ணனைப் பார்த்துவிடுங்கள். கவுண்டர், ஃபாரம், மெஸ், ஆஸ்பத்திரி விஷயத்தில் அவர் சொல்வதைப் பையன் அப்படியே கேட்கட்டும். எலெக்டிவ் எது எடுப்பது, ஜிஆர்இ எழுதுவதா, காதலிப்பதா என்றெல்லாம் கேட்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். டீக்கு மட்டும் காசை நீங்களே கொடுத்துவிடுங்கள். "நான் தர்றேன் சார்" என்று அவர் சொல்வார். அதுவும் ஒரு கருத்துதான்.