இருபது தலை குறைகிறது

ஊரில் 250 பேர் இருக்கிறீர்களா? இருந்தால் ரோடு உண்டு. 230 பேர்தானா? நடந்து போங்கள், உடம்புக்கும் நல்லது. இது மலை மாநிலத்துக்கும் பாலைவனத்துக்கும் பழங்குடிப் பகுதிக்கும் காட்டும் பெரிய மனசு. சமவெளிக்காரன் 500 தலை காட்ட வேண்டும். 2000 டிசம்பர் 25 அன்று தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தின் கணக்கு இது. (நக்சலைட்டுகள் நடமாடும் வட்டாரங்களில் 100 தலையே போதும் என்று பிற்பாடு தளர்த்தினார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டால் தலைக்கு விலை ஏறுகிறது. மனு எழுதிக் கொடுத்தவன் மடையன்.)

குறைகிற இருபது பேருக்கு எங்கே போவது? பெற்றுக்கொள்ள வேண்டியதுதான். ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று சுவரில் எழுதியதை நம்பி நிறுத்திக்கொண்டவர்களுக்கு இதுதான் பரிசு. பெறுவதற்கு ஆஸ்பத்திரி வேண்டும், ஆஸ்பத்திரிக்கு ரோடு வேண்டும், ரோட்டுக்குத் தலை வேண்டும். ரோடில்லாத ஊரில் காலம் தள்ள முடியாமல் நாலு குடும்பம் கீழே இறங்கிவிட்டாலோ இன்னும் வசதி: “அங்கே யாரய்யா இருக்கிறார்கள், ரோடு போட?”

பெற்றால் மட்டும் போதுமா, எண்ண வேண்டாமா? 2021இல் எண்ணியிருக்க வேண்டும். 2011க்கு அடுத்த கணக்கின் நாள் 2027 மார்ச் 1 என்றாகிவிட்டது. 2024இல் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டச் சாலைத் திட்டமும் 2011 கணக்கை வைத்துத்தான் ஊரை அளக்கிறது. ஆறாம் வகுப்புக்கு மலையிறங்கி நடக்கிற பிள்ளை அந்த ஏட்டில் இன்னும் பிறக்கவே இல்லை.

ஏடு என்றதும் நினைவுக்கு வருகிறது, கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடு. ஊரில் இல்லாத வசதி பக்கத்தில் எங்கே கிடைக்கும் என்பதை அதில் ஓரெழுத்தில் முடித்துவிடுவார்கள். பஸ் 5 கிலோமீட்டருக்குள் என்றால் ‘ஏ’. 5 முதல் 10 வரை ‘பி’. அதற்கு மேல் எல்லாமே ‘சி’. 11 கிலோமீட்டரும் ‘சி’, 40 கிலோமீட்டரும் ‘சி’. பிரசவ வலியோடு டோலியில் கிடப்பவள் எத்தனையாவது கிலோமீட்டரில் கத்துகிறாள் என்பது கையேட்டுக்கு வேண்டாத விவரம்.

வேலூர் மாவட்டம், அல்லேரி மலை, அத்திமரத்துக்கொல்லை. 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் போயிற்று. உடலைத் திருப்பிக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ், மேலே பாதை இல்லை என்று வழியிலேயே இறக்கிவிட்டது. பெற்றவள் பிணத்தைச் சுமந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர் நடந்தாள். அங்கே ரோட்டுக்குக் குறுக்கே நின்றது காட்டு நிலம். கிராம சபை பரிந்துரைத்தால் ஒரு ஹெக்டேருக்குள் காட்டு நிலத்தை ரோட்டுக்கு விடலாம், ஹெக்டேருக்கு 75 மரம் வரை வெட்டலாம் என்று 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சொல்லிப் பதினாறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மரத்தைக்கூட எண்ணி வைத்திருக்கிறது சட்டம். அந்தக் குழந்தையை எந்தக் கணக்கும் எண்ணவில்லை. ஒரு கணக்கெடுப்புக்குப் பின் பிறந்து, அடுத்தது வருமுன் செத்துப் போனது. ஏட்டைப் பொறுத்தவரை யாருக்கும் எதுவும் நேரவில்லை.

அதற்காக, சர்க்காருக்கு மலையேறத் தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. வாக்காளர் 2 கிலோமீட்டருக்கு மேல் நடந்து ஓட்டுப் போடும்படி ஆகிவிடக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நெறி. அருணாச்சலப் பிரதேசத்தின் மாலோகாமில் இருக்கும் ஒரே ஒரு பெண் வாக்காளருக்காக 2024இல் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் போனார்கள். தருமபுரியின் கோட்டூர் மலைக்கு இயந்திரம் கழுதை மேல் ஏறியது. நாமக்கல்லின் போதமலைக்குத் தலைச்சுமையாகப் போனது. அன்றைக்கு மட்டும் ஒரு தலை போதும், மீதி 249 எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

ஆகவே மலையூர் ஜனங்களே, அடுத்த முறை டோலி கட்டும்போது நோயாளியை நன்றாகப் போர்த்தி, நாலு பக்கமும் அரக்கு வைத்து, ‘வாக்குப்பதிவு இயந்திரம்’ என்று எழுதி ஒட்டிவிடுங்கள். முன்னே போலீஸ், பின்னே தாசில்தார், பக்கத்தில் வீடியோ கேமரா. சீல் உடையாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். முனகாமல் படுத்திருக்க மட்டும் சொல்லி வையுங்கள். உள்ளே மனுஷன் இருப்பது தெரிந்தால் பாதி வழியில் இறக்கி வைத்துவிடுவார்கள்.