பானட் சித்தப்பா

வீட்டு விசேஷங்களில் ஒரு மூலையில் உட்கார்ந்து பழைய பேப்பரைப் புரட்டிக்கொண்டிருப்பவர்தான் சித்தப்பா. நெடுஞ்சாலையில் கார் நின்றுவிட்டால் ஆளே வேறு. வேட்டியை மடித்துக் கட்டினால் இருபது வயசு குறைந்துவிடும்.

போன மாசம் விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்பில் போய் நின்றது. ஸ்டீயரிங்கில் இருந்த சித்தப்பா ஓரம் கட்டினார். அதுவரை சரி. அப்புறம் வலப்பக்கக் கதவைத் திறந்தார். லாரிகள் பறக்கிற பக்கம்.

"இந்தப் பக்கமா நகர்ந்து இறங்குங்க சித்தப்பா."

"ஓட்டுறவன் ஓட்டுற பக்கம்தாண்டா இறங்கணும்."

நாற்சந்தியில் நேராகப் போவதற்குக்கூட நாலு இண்டிகேட்டரையும் மினுக்குகிற மனிதர், வண்டி நின்றதும் முதல் வேலையாக அதை அணைத்தார். பேட்டரி இறங்கிவிடுமாம். டிக்கியில் ஸ்டெப்னிக்குக் கீழே சிவப்பு முக்கோணம் ஒன்று, ஷோரூம் உறைகூடக் கலையாமல் கிடக்கிறது. எடுக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார். உறையைப் பிரித்தால் வண்டியை விற்கும்போது விலை போகாதாம். பதிலுக்கு ஒரு கருவேலங்கிளையை ஒடித்துவந்து பம்பருக்கு இரண்டு முழம் தள்ளிப் போட்டு, பறக்காமலிருக்க மேலே ஒரு கல்லையும் வைத்தார். நூறில் வருகிற கார் ஒரு நொடியில் 28 மீட்டர் போய்விடும். அந்தக் கிளையைப் பார்க்கிறவன் கிளையையும் பம்பரையும் எங்களையும் ஒன்றாகத்தான் பார்ப்பான்.

அடுத்தது பானட். அதைத் தூக்கி நிறுத்தி, இடுப்பில் கைவைத்து உள்ளே உற்றுப் பார்ப்பது ஒரு தரிசனம். என்ன தெரிகிறது என்று கேட்கக்கூடாது. "கார்புரேட்டர் அடைப்பு" என்றார். எங்கள் வண்டியில் கார்புரேட்டரே கிடையாது. கொதிக்கிற ரேடியேட்டர் மூடியை மேல்துண்டால் பிடித்துத் திருகப் போனவரைப் பின்னாலிருந்து இழுக்க எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

திண்டிவனம் முதல் உளுந்தூர்பேட்டை வரை சாலையோரம் முழுக்க இப்படிச் சித்தப்பாக்கள் நிற்கிறார்கள். சித்திகளை நாம் கவனிப்பதில்லை. எங்கள் சித்தி இதற்குள் பிள்ளைகளை இடப்பக்கமாக இறக்கி, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயிருந்தாள். அதுவும் காருக்கு முன்னால் அல்ல, பின்னால் நன்றாகத் தள்ளி. முன்னால் நின்றால், எவனாவது இடிக்கும்போது நம் கார் நம் மேலேயே வரும் என்றாள். பிறகு பலகையில் பார்த்த 1033-க்கு அடித்து, பக்கத்திலிருந்த கிலோமீட்டர் கல்லைப் படித்துச் சொன்னாள்.

அரை மணியில் ரோந்து வண்டி வந்தது. வந்த பையன் காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் வெகுதூரம் நடந்துபோய் ஆரஞ்சுக் கூம்புகளை வரிசையாக வைத்துக்கொண்டே வந்தான். சித்தப்பா என் பக்கம் திரும்பி, "நானும் அதைத்தானே அப்பவே சொன்னேன்" என்றார்.

கிரேன் காரைத் தூக்கியது. கிளையும் கல்லும் அப்படியே கிடந்தன.

"ஏங்க, இதை யாரு எடுக்கிறது?"

"விடுடி, அடுத்து நிக்கிறவனுக்கு ஆகும்."

பையன் கல்லை உருட்டிப் பள்ளத்தில் தள்ளினான். சித்தி கிளையை இழுத்துப்போய் ஓரத்தில் எறிந்துவிட்டு வந்து, கையிலிருந்த மண்ணைச் சித்தப்பாவின் வெள்ளை வேட்டியில் துடைத்தாள்.