பதின்மூன்றாம் வாயில்: வாடகை வீட்டுக்கு மேலாளர் வேண்டுமா என்பது குறித்த ஓர் அகத்திணை ஆய்வு

1. ஆய்வுக்களம்

மடிப்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாம் மாடி, இரண்டு படுக்கையறை, ஒரு பால்கனி. மாத வாடகை ரூ. 18,000. வீட்டின் சொந்தக்காரர் (இனி ‘ஆய்வாளர்’ எனப்படுவார்) வசிப்பது கோயம்புத்தூரில். களத்துக்கும் ஆய்வாளருக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறக்குறைய 500 கிலோமீட்டர். சேரன் எக்ஸ்பிரஸ் கணக்கில் ஓர் இரவு.

2. ஆய்வுச் சிக்கல்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காப்பி ஆறுவதற்குள், குடியிருப்பவரிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு வாக்கியம் வந்தது: “சார், பைப்பு ஒழுகுது.”

மேலோட்டமாகப் படிப்போருக்கு இதில் சிக்கல் ஏதும் தென்படாது. ஆனால் சென்னைப் பேச்சில் சுவருக்குள் ஓடுவதும் பைப்பு, அதன் நுனியில் நாம் திருகுவதும் பைப்பு. நல்ல தமிழுக்கு மாறிப் பார்த்தாலும் விடிவில்லை; அங்கே இரண்டும் குழாய். மொழி இப்படித் தாராளமாக இருக்க, சட்டமோ கறாராக இருக்கிறது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை அகற்றிவிட்டு 22.02.2019 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பு வேலைகளை அட்டவணை போட்டுப் பாகம் பிரிக்கிறது. சுவர்க்குழாய் மாற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. டேப்பும் அதன் வாஷரும் குடியிருப்பவர் பொறுப்பு. ஒயரிங் வீட்டுக்காரருக்கு, சுவிட்சும் சாக்கெட்டும் குடியிருப்பவருக்கு. சாக்கடை அடைப்பு குடியிருப்பவருக்கு, வெள்ளையடிப்பது வீட்டுக்காரருக்கு.

இதிலிருந்து ஆய்வாளர் வகுத்த நூற்பாவின் பொருள்: சுவருக்குள் மறைந்திருப்பது வீட்டுக்காரருக்கு, வெளியே துருத்திக்கொண்டிருப்பது குடியிருப்பவருக்கு. வெள்ளையடித்தல் இதற்குப் புறனடை.

ஒழுகியது எந்தப் பைப்பு? படம் அனுப்பச் சொன்னதில் படம் வந்தது. அதில் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. யாராவது நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ‘யாராவது’ யார் என்பதே இவ்வாய்வின் பொருள்.

3. முன்னோர் கொள்கை

ஊடல் கொண்ட தலைவன் தலைவியரிடையே நடந்து சமாதானம் செய்வோரைத் தமிழ் இலக்கணம் ‘வாயில்கள்’ என்கிறது. தோழி தொடங்கிக் கண்டோர் முடியப் பன்னிருவரைத் தொல்காப்பியக் கற்பியல் அடுக்குகிறது. வீட்டுக்காரர் – குடியிருப்பவர் உறவும் அகத்திணையே என்பது ஆய்வாளரின் துணிபு. ஒருவர் பிரிந்து போயிருக்கிறார். மற்றவர் இருந்து வருந்துகிறார். முதல் தேதி வந்தால் காத்திருத்தல் மட்டும் இடம் மாறி, பிரிந்தவர் பக்கம் போய்விடுகிறது.

இவ்வுறவு பதினொரு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவது. ஓராண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்துக்கு அஞ்சி ஒரு மாதம் குறைத்தார்கள். இப்போதோ வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பிடம் பதிய வேண்டும் என்கிறது புதிய சட்டம். அச்சம் போன பின்னும் பதினொன்று போகவில்லை. மொழியியலார் இதை வழக்கு என்பர்.

பன்னிரு வாயில்களில் இன்றும் மடிப்பாக்கத்தில் வழங்குவோர் நால்வர்:

தோழி: கீழ்வீட்டு அக்கா. இரு தரப்புக்கும் வேண்டியவர். ஆகவே இரு தரப்புச் செய்தியும் இரு தரப்புக்கும் போகும்.

கண்டோர்: வாட்ச்மேன். கண்டதோடு சரி.

அறிவர்: பிளம்பர். முக்காலமும் உணர்ந்தவர். “நான் போன தடவையே சொன்னேன் சார்” என்பது இறந்தகாலம். “இது இதோட நிக்காது” என்பது எதிர்காலம். நிகழ்காலத்தில் அவர் வேளச்சேரியில் வேறொரு வேலையில் இருப்பார்.

பாங்கன்: மாமா. இவருக்குத் தனி இயல் தேவை.

4. மாமா இயல்

நங்கநல்லூரில் இருக்கும் மாமா ஆறு ஆண்டுகளாக இவ்வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஊதியம் இல்லை. ‘மேலாளர்’ என்ற சொல்லை ஆய்வாளர் போனில் ஒருமுறை உச்சரித்தபோது, “நான் குத்துக்கல்லாட்டம் இங்க இருக்கேன், நீ காசு குடுத்து ஆள் வைக்கப் போறியா மாப்ளே?” என்றார். இக்கூற்றில் குத்துக்கல் உவமை கவனிக்கத்தக்கது. அது அசையாது.

மாமாவின் செலவுக் கணக்கு ரூபாயில் எழுத முடியாதது. தீபாவளிக்கு ஒரு கிலோ மைசூர்பாகு, மாமா மகனுக்குக் கோவைக் கல்லூரியில் இடம் விசாரித்தல், எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் நாலு பேர் கேட்க, “நான் மட்டும் இல்லேன்னா அந்த வீடு என்ன ஆயிருக்கும்!” என்பதற்குத் தலையாட்டுதல். குழாய் பார்க்கப் போனால் குடியிருப்பவர் எத்தனை செருப்பு வைத்திருக்கிறார் என்றும் பார்த்துவருவார். வீட்டுக்காரரானாலும் அவர் ஆளானாலும் குறைந்தது 24 மணி நேரம் முன்பாக எழுத்தில் தெரிவித்த பிறகே உள்ளே நுழைய வேண்டும் என்கிறது சட்டம். மாமா காலிங் பெல்லையே முன்னறிவிப்பாகக் கருதுபவர்.

5. கூலி வாயில்

மேலாளர் என்பவர் புதியவர்தாம், புறம்பானவர் அல்லர். மேற்படி சட்டமே அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கடமைகளை வகுத்திருக்கிறது: ரசீது கொடுத்து வாடகை வாங்குதல், அத்தியாவசியப் பழுது பார்த்தல், அவ்வப்போது வீட்டைப் பார்வையிடல், குடியிருப்பவருக்கு நோட்டீஸ் கொடுத்தல், தகராறு தீர்த்தல். வாயில்களுக்கு இலக்கணம் வகுத்த நாட்டில் இதில் வியப்பில்லை.

ஆய்வாளரிடம் ஒருவர் மாத வாடகையில் நூற்றுக்கு எட்டு கேட்டார். மாதம் ரூ. 1,440, ஆண்டுக்கு ரூ. 17,280. வீடு ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நட்டம் ரூ. 18,000. ஆண்டுக்கு ஒரு மாதப் பூட்டை இவர் தவிர்த்துவிட்டால் ரூ. 720 மிச்சம் என்று ஆய்வாளர் மகிழ்ந்திருந்த வேளையில், “ஜி.எஸ்.டி. தனி சார்” என்றார். பதினெட்டு விழுக்காடு சேர்ந்ததும் தொகை ரூ. 20,390.40 ஆயிற்று. மிச்சம் ரூ. 2,390.40 பற்றாக்குறையாக உருமாறியது. இதில் புதிய ஆளைப் பிடித்துத் தரும் கூலி சேராது.

வருமான வரியில் கழித்துக்கொள்ளலாமே எனலாம். வீட்டு வரி போக நிற்கும் வாடகையில் 30 விழுக்காட்டை அரசு கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிறது. மேலாளர் வைத்தாலும் அதே 30; மாமா வைத்தாலும் அதே 30. மேலாளர் கூலிக்கெனத் தனிக் கழிவு கிடையாது.

எனினும் மேலாளரே வேண்டும் என்ற நிலைகளும் உள. ஆண்டுதோறும் ஆள் மாறும் வீடு. ஒன்றுக்கு மேற்பட்ட வீடு. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்க, வாடகை கொடுப்பவரே வரி பிடித்துக் கட்ட வேண்டிய வீடு. மாமா இல்லாத வீடு. ஆய்வாளரின் வீடு போல ஒரே ஆள் மூன்றாண்டாகக் குடியிருக்கும் வீட்டிலோ, பூட்டிக் கிடக்காத மாதத்தைப் பூட்டாமல் காப்பதற்குக் கூலி கொடுப்பதாக முடியும்.

6. முடிபு

கணக்கு வேண்டாமென்றது, மாமாவை நினைத்த மனம் வேண்டுமென்றது. மேலாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், 24 மணி நேர முன்னறிவிப்பை எழுத்தில் அனுப்புவதற்கு முன்னதாகப் போனில் சொல்லிவைக்க ஆய்வாளர் குடியிருப்பவரை அழைத்தார். உரையாடல் மாற்றமின்றித் தரப்படுகிறது:

“பைப்பைப் பார்க்க நாளைக்கு ஒருத்தர் வருவார்.”

“எந்தப் பைப்பு சார்?”

“ஒழுகுதுன்னீங்களே.”

“அதுவா? அன்னைக்கே மாத்திட்டேன் சார். வாஷர்தான். பத்து ரூபா.”

“சொல்லவே இல்லையே?”

“பத்து ரூபாய்க்கு என்ன சார் சொல்றது? நீங்க வேற ஏதோ யோசிச்சுச் சொல்றேன்னீங்க.”

மூன்றாண்டு வாட்ஸப்பை ஆய்வாளர் மறுவாசிப்புச் செய்தார். ஃபியூஸ் போனது, தாழ்ப்பாள் கழன்றது, சிங்க் அடைத்தது. ஒவ்வொரு செய்தியின் கீழும் ஓரிரு நாளில் “சரி பண்ணிட்டேன் சார்” என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே ஆய்வாளரின் கட்டைவிரல் குறி. வாயில் தேடிய தலைவன், கதவைத் திறந்து வைத்திருந்தது தலைவியே என்பதைக் காணத் தவறியிருக்கிறான்.

எனவே, பதின்மூன்றாம் வாயில் ஏற்கெனவே வீட்டுக்குள்தான் இருக்கிறது. கூலி வாங்காததோடு மாதம் ரூ. 18,000 நமக்குத் தருகிறது என்பது இவ்வாய்வின் முடிபு. வழக்கமான ஐந்து விழுக்காடு உயர்வாகிய ரூ. 900 இவ்வாண்டு கேட்கப்படவில்லை.

மேலாய்வுக்குரியது ஒன்று: இனி வீட்டைப் பார்க்கப் போக வேண்டாம் என்பது மாமாவுக்கு இன்னும் தெரியாது. அதைச் சொல்ல ஒரு வாயில் தேவைப்படுகிறது.