முட்டை மேலே, மீன் தனியே: ஐ.என்.ஏ. மார்க்கெட் பையில் லோடு ஆர்டர் – ஓர் ஒப்பாய்வு

தில்லியில் வீடெடுத்துச் சமைத்துச் சாப்பிடும் தமிழ் இளைஞரின் வாடகை, பனிக்கால இருமல், வரன் தேடல் ஆகியவை குறித்து நிறையப் பேசியாகிவிட்டது. அவருடைய லோடு ஆர்டர் குறித்துத்தான் பேச்சே இல்லை. அந்தக் குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை.

ஆய்வுக் களங்கள் இரண்டு. முதலாவது, 2011 நவம்பர் 11 அன்று பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'ஸ்கைரிம்' என்னும் கம்ப்யூட்டர் விளையாட்டு. பனிமலை, வாள், டிராகன், வழியில் போவோரெல்லாம் நம்மிடம் வேலை சொல்லும் வழக்கம் ஆகியவை இதன் சிறப்புகள். இரண்டாவது, தெற்கு தில்லியில் தில்லி ஹாட்டுக்கு எதிரே இருக்கும் ஐ.என்.ஏ. மார்க்கெட். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய இவ்விடத்தில் இன்று நடக்கும் போர்கள் பெரும்பாலும் வஞ்சிரத்தின் விலை பற்றியவை.

ஆய்வுக்கு உட்பட்டவர் ஒரே ஒருவர்: முனீர்க்காவில் இரண்டு அறை வீட்டில் இருக்கும் மென்பொருள் ஊழியர். ஒருவரை வைத்து முடிவு கட்டலாமா என்று முறையியல் அறிந்தோர் கேட்பார்கள். அவர்களுக்காகவே ஆய்வுக்குட்பட்டவரின் அறைத்தோழரையும் சேர்த்தோம். அவர் விளையாடவும் மாட்டார், சமைக்கவும் மாட்டார். மீன் குழம்பு உண்டு என்று உறுதி கொடுத்த பிறகு கட்டுப்பாட்டுக் குழுவாக இருக்க அவர் சம்மதித்தார்.

லோடு ஆர்டர் என்பது விளையாட்டில் மாட்கள் ஏறும் வரிசை. மாட் என்றால் என்னவென்று வீட்டுப் பெரியவர்கள் கேட்கக்கூடும். கம்பெனி ஒரு விளையாட்டை விற்கிறது. வாங்கியவர்களில் கைதேர்ந்த சிலர் அதில் இல்லாத மழை, இல்லாத ஊர், இன்னும் கொஞ்சம் எடுப்பான மூக்கு எல்லாம் செய்து, பெரும்பாலும் காசு வாங்காமல், நெக்ஸஸ் மாட்ஸ் போன்ற இடங்களில் வைக்கிறார்கள். வேண்டியவர்கள் எடுத்துச் சேர்த்துக்கொள்கிறார்கள். பெதஸ்டா இதைத் தடுப்பதில்லை. 2002இல் 'மாரோவிண்ட்' விளையாட்டை விற்றபோது அதைத் திருத்தும் கருவியையும் கூடவே கொடுத்தது. ஸ்கைரிமுக்கு 2012 பிப்ரவரியில் 'கிரியேஷன் கிட்' கொடுத்தது.

தில்லிக்கு இதைப் பொருத்திப் பார்ப்போம். ராஜ்மா, பனீர், கோபி எல்லாம் மூல விளையாட்டிலேயே வருபவை. குறை சொல்வதற்கில்லை, ஆனால் மூன்றாம் வாரம் அலுத்துவிடும். முருங்கைக்காய், வாழையிலை, நல்லெண்ணெய், மட்டை அரிசி, நேந்திரங்காய் சிப்ஸ் ஆகியவை மாட்கள். இவற்றை இறக்குமிடம் ஐ.என்.ஏ.

இனி ஆய்வின் மையம். மாட் உலகின் முதல் சட்டம் இதுதான்: இரண்டு மாட்கள் ஒரே பொருளைத் திருத்தினால், வரிசையில் கடைசியாக ஏறியது வெல்லும். ஒரு மாட் வாளுக்கு வெள்ளிப் பூச்சு கொடுக்கிறது, மற்றொன்று அதே வாளுக்குத் துரு கொடுக்கிறது என்றால், பின்னால் வருவது எதுவோ அதுதான் கண்ணுக்குத் தெரியும். முன்னது இருக்கும், ஆனால் அமுங்கிக் கிடக்கும். ஐ.என்.ஏ.யில் துணிப்பை அடுக்கிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. அரிசி அடியில், தேங்காய் அதன்மேல், பிறகு கிழங்கு, அப்புறம் காய், தக்காளி, உச்சியில் முட்டை. நம் ஆய்வுக்குட்பட்டவர் ஒரு ஞாயிறு இதைத் தலைகீழாகச் செய்தார். மெட்ரோவில் ஏறும்போது பையின் அடியிலிருந்து மஞ்சளாக ஒன்று கசிந்தது. முட்டை வாங்கியதற்கான சான்று அது மட்டுமே.

'லூட்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. பொதுவிதிகளை வைத்துத் தானே வரிசைப்படுத்தித் தரும். மளிகைக் கடைப் பையன் அடுக்கித் தருவதைப் போன்றது இது. நன்றாகவே அடுக்குவான். ஆனால் அடுத்து நாம் மீன் வாங்கப்போகிறோம் என்பது அவனுக்குத் தெரியாது.

மீன் தனி இயலுக்கு உரியது. மீன் கடையில் ஈரத் தரை, தராசு, செதில் சீவும் சத்தம், நம்மை விலக்கிக்கொண்டு உள்ளே போகும் பனிக்கட்டிக் கூடை. ஆய்வுக்குட்பட்டவர், “சேட்டா, தலையையும் போடுங்க, குழம்புக்கு” என்கிறார். தலை பையில் விழுகிறது. கறுப்புப் பைக்குள் இன்னொரு கறுப்புப் பை, அதற்குள் மீன். இருந்தும் ஒரு மூலையில் சொட்டுகிறது. மாட் உலகில் மோதல் என்று சொல்வது இதையே. மீன் யாரோடும் ஒத்துப்போகாது. எந்த வரிசையில் வைத்தாலும் கொத்தமல்லியைத் தன் பக்கம் இழுத்துவிடும். இதற்குத் தீர்வு பேட்ச்: மோதும் இரு மாட்களுக்கு நடுவே நின்று இருவரையும் சமாதானப்படுத்தும் மூன்றாவது சிறு மாட். ஐ.என்.ஏ.யில் இந்தப் பணியைப் பழைய இந்தி நாளிதழ் செய்கிறது.

சில மாட்களுக்கு முன்தேவை உண்டு. விளையாட்டின் பிழைகளைத் திருத்த ரசிகர்களே செய்த திருத்தத் தொகுப்பு இருந்தால்தான் தாங்கள் வருவோம் என்று பல மாட்கள் அடம்பிடிக்கும். அது இல்லையென்றால் விளையாட்டு முகப்புத் திரைக்குக்கூட வராமல் பொத்தென்று மூடிக்கொள்ளும், காரணமும் சொல்லாது. வஞ்சிரம், சின்ன வெங்காயம், மாங்காய் எல்லாம் வாங்கி முனீர்க்கா வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகு புளி இல்லை என்று தெரிவது இதற்கு நேரான நிலை. ஒரு வித்தியாசம்: இங்கே காரணம் சொல்ல அறைத்தோழர் இருந்தார். “நான்தான் புளி, புளின்னேனே” என்று அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. மூல ஸ்கைரிமில், மாட்களைச் சுமந்துவரும் பிளகின் கோப்புகள் 255 வரைதான். பின்னர் வந்த சிறப்புப் பதிப்பில் 'லைட்' பிளகின் என்றொரு வகை சேர்ந்தது. இவை 4,096 வரை ஒரே இடத்தில் ஒண்டிக்கொள்ளும். பையில் இடமே பிடிக்காத பொருள் எதுவென்று தமிழரைக் கேட்டால் கறிவேப்பிலை என்பார். ஊரில் அது கொசுறு. காய்க்காரம்மா கேட்காமலே போடுவார். போடாவிட்டால் கேட்டு வாங்குவோம். விலை சொன்னால் கடையையே மாற்றிவிடுவோம். மாட் உலகிலும் இது நடந்தது. 2015 ஏப்ரல் 23 அன்று வால்வும் பெதஸ்டாவும் சேர்ந்து, வால்வின் இணைய விளையாட்டுக் கடையான ஸ்டீமில் ஸ்கைரிம் மாட்களைக் காசுக்கு விற்கலாம் என்று அறிவித்தன. செய்தவருக்கு விலையில் 25 விழுக்காடு. உலகெங்கும் எழுந்த கூச்சலில், 27ஆம் தேதியே திட்டத்தைச் சுருட்டிக்கொண்டன. கொசுறுக்கு விலை வைத்தால் என்னாகும் என்று எந்தக் காய்க்காரம்மாவைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். ஐ.என்.ஏ.யில் மட்டும் கறிவேப்பிலைக்குப் பணம் கொடுத்து வாங்கிவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வருகிறோம்.

அடுத்தது அம்மா வருகை. ஸ்கைரிமுக்கு எஸ்.கே.எஸ்.இ. என்றொரு துணைக்கருவி உண்டு. விளையாட்டு தன்னால் செய்ய முடியாததை அது செய்யவைக்கும். அதை நம்பி வரும் மாட்கள் பல, எந்தச் சரக்கு நினைவகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மனப்பாடம் செய்து வைத்திருப்பவை: இடமிருந்து மூன்றாம் டப்பா மல்லித்தூள், நான்காவது சீரகம். 2021 நவம்பர் 11, விளையாட்டின் பத்தாவது ஆண்டு நிறைவு. பெதஸ்டா புதுப்பதிப்பு விட்டது. டப்பாக்கள் எல்லாம் இடம் மாறின. ஏராளமான மாட்கள் ஒரே நாளில் படுத்தன. கும்பகோணத்திலிருந்து வரும் அம்மா, முதல் நாளே அடுக்களையை “ஒழுங்கு” செய்வது இதே வகை அப்டேட். தடுக்க முடியாது. டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்டலாம். 'அட்ரஸ் லைப்ரரி' என்ற மாட் செய்வது அதைத்தான்.

நீக்கல் பற்றி ஒரு வார்த்தை. பாதி விளையாட்டில் ஒரு மாட்டைப் பிடுங்காதே என்று அனுபவசாலிகள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். அதன் எச்சங்கள் சேமித்த கோப்பிலேயே தங்கி, பத்து மணி நேரம் கழித்து வேறெங்கோ வினை செய்யும். இதற்கு நிரூபணம் தேவையா? கொதிக்கும் குழம்பிலிருந்து புளியை எடுத்துக் காட்டுங்கள்.

கண்டறிதல்கள். குழம்பு மாலை நான்கு மணிக்கு ஆயிற்று. கட்டுப்பாட்டுக் குழு மூன்று முறை சோறு போட்டுக்கொண்டது. இரவில் ஆய்வுக்குட்பட்டவர் ஸ்கைரிமைத் திறந்தார். விளையாட்டின் தொடக்கத்தில் கைகட்டப்பட்டு வண்டியில் போகும் நெடிய காட்சி ஒன்று வரும்; மாட் போடுகிறவர்கள் சோதிப்பதற்காகவே அதைத் திரும்பத் திரும்பப் பார்த்து நொந்தவர்கள். அதைத் தவிர்க்க 'ஆல்டர்நேட் ஸ்டார்ட்' என்ற மாட் இருக்கிறது. அதையும் போட்டிருந்தார். நாயகனின் காலணியில் ஒரு தையல் பிசகாகத் தெரியவே விளையாட்டை மூடிவிட்டு மாட் வரிசைக்குத் திரும்பினார்.

“விளையாடேன்டா” என்றார் தோழர்.

“இரு மச்சான், இன்னும் ஒண்ணே ஒண்ணு.”

டிராகனுக்கு மட்டும் அவர் நான்கு மாட்கள் போட்டிருக்கிறார். முதல் மூன்றும் செதில், இறக்கை, கண் பற்றியவை. கடைசியாக ஏற்றியது டிராகனைத் தாமஸ் ரயில் எஞ்சினாக மாற்றுவது. எனவே சட்டப்படி அதுவே வென்றிருக்க வேண்டும். உறுதிசெய்ய இயலவில்லை. முதல் டிராகன் வருவது அந்த வண்டிக் காட்சியின் முடிவில்.